பல்லக்காவின் ஏணிப் பீங்கான்கள்

பல் டாக்டர் வீட்டுக் கிளினிக்கின் பின்னறையில் உட்கார்ந்து பல் செய்கிறவளை எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் அதைப் பல்லக்கு என்று காதில் வாங்கிக்கொண்டு, "அந்தப் பல்லக்கு எங்க இருக்கு?" என்று விசாரிப்பார்கள். முன்மேசையில் இருக்கும் பெண் முகம் மாறாமல், "உள்ள இருக்கு, தூக்கத்தான் ஆள் இல்ல" என்பாள். பல்லக்காவுக்குக் கொஞ்சம் கனத்த சரீரம். உள்ளேயிருந்தே அதைக் கேட்டு அவளும் சிரிப்பாள்.

முன்னறையில் டாக்டர் பல்லைத் தேய்த்து அச்சு எடுத்து அனுப்புவார். பின்னறையில் பல்லக்கா பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய தூரிகையால் தொட்டுத் தொட்டு ஏற்றி, ஒரு பல்லை வளர்ப்பாள். பிறகு பானை அளவே உள்ள மின்சூளையில் வைத்துச் சுடுவாள். "பல்லு வெள்ளைன்னு யாரு சொன்னது?" என்பது அவள் அடிக்கடி கேட்கும் கேள்வி. ஈறுப் பக்கம் மஞ்சள், நடுவில் தந்த நிறம், நுனியில் வெளிச்சம் லேசாக ஊடுருவிப் போகும் ஒரு சாம்பல் நீலம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த நுனிதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. எப்படிக் குழைத்தாலும் சுண்ணாம்புச் சுவர் மாதிரி மொத்தையாக வந்தது.

அந்த நாட்களில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேம்பாலத்துக்குக் கீழே கூடும் பழைய சாமான் சந்தையில், செருப்புக்கும் சைக்கிள் மணிக்கும் நடுவே கிடந்த ஒரு சாஸரைக் கையில் எடுத்தாள். விளிம்பு உடைந்திருந்தது. சும்மா வெயிலில் தூக்கிப் பிடித்தவளுக்கு, பீங்கானுக்குப் பின்னால் தன் விரல்களின் நிழல் தெரிந்தது. அவள் தேடிக்கொண்டிருந்த பல் நுனி அப்படியே அங்கே இருந்தது. இதை யார் செய்திருப்பார்கள் என்று கவிழ்த்துப் பார்த்தாள். நீல நிறத்தில் ஒரு சின்ன மணி வரைந்திருந்தது.

அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துக்கொண்டது.

அதன் பிறகு கோப்பை, தட்டு, பூச்சாடி என்று எதைக் கண்டாலும் முகத்தைப் பார்க்கமாட்டாள், அடியைத்தான் பார்ப்பாள். செய்தவர்கள் தங்கள் குறியை அங்கேதான் வைப்பார்கள். கையால் எழுதிய குறி கொஞ்சம் நடுங்கியிருக்கும், அச்சில் ஒற்றியது சீராக இருக்கும், பச்சைக் களிமண்ணில் அழுத்தியது நகத்துக்குத் தட்டுப்படும் என்பதெல்லாம் நூலகத்துப் புத்தகங்களைப் புரட்டியும் கையில் வைத்துத் தடவியும் அவளுக்குப் பிடிபட்டது. நாட்டின் பெயரைக் குறியோடு சேர்த்து எழுதியிருந்தால் ரொம்பப் பழசு இல்லை. பெரிய பெரிய தொழிற்சாலைகளில் பழுதான சரக்கு என்றால் குறியின் மேலேயே குறுக்காக ஒரு கீறல் போட்டுவிடுவார்கள். இதையெல்லாம் அவள் சாப்பிடும்போதும் சொல்லுவாள், துணி மடிக்கும்போதும் சொல்லுவாள். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அவள் கணவர், நாள் முழுக்கப் பிறர் ஓட்டும் காரில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருகிறவர், வீட்டில் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்.

"பீங்கான்ல பல்லு செஞ்சு சம்பாதிச்சு, பீங்கான்லயே கொண்டு போய்க் கொட்டுற. உனக்கு வேற சாமானே கண்ணுல படாதா?" என்பார்.

"இரும்பு கூடப் படுது. அதான் உங்களக் கட்டிக்கிட்டேன்."

இந்தக் கவிழ்த்துப் பார்க்கும் பழக்கம் ஒருமுறை மானத்தை வாங்கியது. டாக்டர் புது வீடு கட்டி எல்லோரையும் அழைத்திருந்தார். டாக்டரின் அம்மா கொடுத்த கோப்பை அழகாக இருந்தது. அடியில் என்ன இருக்கும் என்று பல்லக்காவுக்குக் கை அரித்தது. தலைக்கு மேலே தூக்கி அண்ணாந்து பார்த்தாள். கோப்பையில் காபி இருப்பது ஞாபகம் இல்லை. மடியெல்லாம் காபி, கம்பளமெல்லாம் காபி. துடைக்க ஓடிவந்த டாக்டரின் அம்மாவிடம், முகத்தில் காபி வழிய அவள் சொன்ன முதல் வார்த்தை, "குறி இருக்கும்மா, நல்ல கம்பெனிதான்."

அடுத்த நாளே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். நீளக் காம்பின் நுனியில் காசு அளவு கண்ணாடி வைத்த, வாய்க்குள் விட்டுப் பல்லைப் பார்க்கிற கருவி ஒன்று நிரந்தரமாக அவள் கைப்பையில் ஏறிவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் கோப்பையை மேசையிலிருந்து ஒரு விரல் அளவு உயர்த்தி, அடியில் அந்தக் கண்ணாடியை விட்டுப் பார்ப்பாள். பார்க்கிறவர்களுக்குக் கோப்பைக்குச் சொத்தைப்பல் இருக்கிறதா என்று சோதிக்கிற மாதிரி இருக்கும்.

வருஷங்கள் போகப் போக, அவள் மனசு முழுக்க ஒரே ஒரு குறியின் மேல் போய் நின்றது. அந்த நீல மணிக்குரிய தொழிற்சாலை நகரத்தின் வடக்குப் பக்கம் இருந்து எப்போதோ மூடிப்போனது. அதன் சாமான்கள் சிலவற்றில் மட்டும், மணிக்குப் பக்கத்தில் கூர்முனையால் கீறிய ஒரு குட்டி ஏணி இருந்தது. கண்ணுக்கு எளிதில் தெரியாது. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் மினுக்கும். சிலதில் ஒரு படி, சிலதில் இரண்டு, சிலதில் மூன்று. ஒரே ஒரு கோப்பையில் மட்டும் நாலு, அது ஏன் என்று அவளுக்கே பிடிபடவில்லை. எந்தப் புத்தகத்திலும் அந்த ஏணி இல்லை. ஏணி போட்டது எங்கே கண்ணில் பட்டாலும் பல்லக்கா விடவில்லை. வீட்டுக் கண்ணாடி அலமாரியில் துணி வைத்த அடுக்குகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, ஏணிகள் குடியேறின. கணவரின் சட்டைகள் கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குப் போயின.

சந்தைக்கு வருகிற நாலைந்து பேர் கூடி ஆரம்பித்து, இப்போது பெருகியிருக்கும் ஒரு குழு உண்டு. தங்களுக்குத் தாங்களே கவிழ்ப்போர் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள். அதன் தலைவர், நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சர்வேயர் என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். அவரிடம் பல்லக்கா தன் கண்டுபிடிப்பைச் சொன்னாள்.

"சார், அது ஒரு ஓவியரோட சொந்தக் குறி. முதலாளிக்குத் தெரியாம தன் பேர விட்டுட்டுப் போயிருக்கார். ஒரு படின்னா தொழில் கத்துக்கிட்ட காலம், ரெண்டுன்னா கை தேர்ந்த காலம், மூணுன்னா உச்சம்."

"சூளை நம்பரா இருக்கலாமேம்மா?" என்று சர்வேயர் இழுத்தார்.

"சூளை நம்பரை யாராவது இவ்வளவு ஆசையாக் கீறுவாங்களா?"

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அவளையே பேச வைப்பதென்று முடிவாயிற்று. 'ஏணி ஓவியர்: மறைந்து வாழ்ந்த மேதை' என்று சர்வேயரே பெரிய எழுத்தில் பேனர் அடித்து, நூலக மண்டபத்தையும் பிடித்துவிட்டார். பல்லக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மாடியில் குடியிருக்கும் நாத்தனார், அண்ணி மேடையேறப் போகிறாள் என்று தன் ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

கூட்டத்துக்கு முந்தின வாரம், முன்பல் கட்டிக்கொள்ள ஒரு பெரியம்மா கிளினிக்குக்கு வந்தார். ஒரு காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். குரல் இன்னும் கணீர் என்று இருந்தது. பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பொருத்த வேண்டும் என்பதால், டாக்டர் அவரைப் பின்னறை ஜன்னலுக்கு அனுப்பினார். பல்லக்கா அவர் உதட்டை விலக்கி, மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் விளிம்பில், சந்தையில் முதன்முதலில் எடுத்த அந்த ஓரம் உடைந்த சாஸர், இப்போது தூரிகை வைப்பது, கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. சாய்வாக விழுந்த வெளிச்சத்தில் அதன் அடியில் மினுக்கிய கீறல் மேல் அந்த அம்மாவின் கண் போனது.

"ஏ...ணீ..." என்றார், வாய் திறந்தபடியே.

"வலிக்குதாம்மா?"

"இல்ல... ஏ...ணீ!"

பல்லக்கா கையை எடுத்தாள். "என்னம்மா சொன்னீங்க?"

"ஏணின்னேன். இது உனக்கு எப்படிம்மா கெடைச்சுது? எங்க வீடு முழுக்க இதுதானே. இதப் போட்டதே எங்கம்மாதான்!"

கையிலிருந்த மாதிரிப் பற்கள் சலசலவென்று தரையில் சிதறின. இத்தனை வருஷமாக அவள் ஆண் என்று நினைத்துக்கொண்டிருந்த மேதை ஒரு பெண்! அந்த மேதையின் மகள் பல் கட்டிக்கொள்ள வந்து தன் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்! எக்ஸ்சேஞ்ச் அம்மாவோ சாவகாசமாக, "சனிக்கிழமை வீட்டுக்கு வாம்மா. அலமாரி நெறைய இருக்கு, எடுத்துக் காட்டுறேன்" என்று முகவரி சொன்னார்.

சனிக்கிழமை கணவர் டிரைவிங் ஸ்கூல் காரிலேயே கூட்டிக்கொண்டு போனார். எக்ஸ்சேஞ்ச் அம்மாவின் சமையலறை அலமாரியைத் திறந்ததும் பல்லக்காவின் கால்கள் அங்கேயே வேர்விட்டுவிட்டன. பருப்பு டப்பாவுக்கு மூடி ஏணித் தட்டு. கரண்டி நிற்பது ஏணி ஜாடியில். சோப்புக்கட்டி கூட ஒரு ஏணிச் சாஸரில் ஊறிக்கொண்டிருந்தது.

"உங்கம்மா ஓவியம் எங்க கத்துக்கிட்டாங்கம்மா?" என்று பல்லக்கா பயபக்தியோடு கேட்டாள்.

"ஓவியமா? எங்கம்மாவுக்குக் கோலு வச்சுக் கோடு போட்டாலும் கோணும். அவங்க தரம் பிரிக்கிற அறையில இருந்தாங்க."

"தரம்..."

"ஆமா. சூளையில இருந்து வர்றதெல்லாம் அவங்க மேசைக்குத்தான் வரும். விரலால தட்டிக் கேப்பாங்க, வெளிச்சத்துல புடிச்சுப் பாப்பாங்க. நல்லதுன்னா கடைக்கு. பழுதுன்னா வைர முனை ஊசியால ஏணி. ஏணி போட்டத விக்கக் கூடாது, வேலை செய்யறவங்க வீட்டுக்கு எடுத்துக்கலாம். எங்க குடியிருப்புல எல்லார் வீட்லயும் ஏணிதான்."

பல்லக்கா அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்துக் கவிழ்த்தாள். கடைசி நம்பிக்கையாக, "அந்தப் படிகள்?" என்றாள்.

"ஒரு படின்னா மேல்பூச்சுல ஊசி ஓட்டை. ரெண்டுன்னா கோணல். மூணுன்னா வர்ணத்துல தப்பு." எக்ஸ்சேஞ்ச் அம்மா விரல் விட்டு எண்ணிக்காட்டினார். "ஏம்மா, ஏன் முகம் இப்படி ஆயிடுச்சு? தண்ணி குடிக்கிறியா?"

பின்னால் நின்ற கணவர் திடீரென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

காரில் ஏறியதும் அவருக்கு அடக்க முடியவில்லை. "உச்சம்! மூணு படின்னா உச்சம்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பல்லக்கா அவரை எரித்துவிடுவது போல் பார்த்தாள். தெருமுனை வரைக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். அதற்கு மேல் அவளாலும் முடியவில்லை. "உங்க சட்டையெல்லாம் கட்டிலுக்கு அடியில போட்டுட்டு, ஊர்ல உள்ள பழுதையெல்லாம் அலமாரியில வச்சுக் கும்பிட்டிருக்கேனே!" என்று அவள் ஆரம்பிக்க, அவர் காரை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. கூரையில் 'பயிற்சி வாகனம்' பலகையோடு நின்ற காருக்குள் நடுவயசுக்காரர்கள் இரண்டு பேர் கண்ணில் நீர் வரச் சிரிப்பதை, தெருவில் போனவர்கள் ஒதுங்கி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு வடிந்துவிட்டது. மறுநாள் கூட்டம். பேனர் கட்டியாகிவிட்டது. நாத்தனார் படியிறங்கி வந்து விஷயத்தைக் கேட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, காய்ச்சல்னு சொல்லிடுங்க. நான் வேணும்னா போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

"காய்ச்சல் எத்தன நாளைக்குத் தாங்கும்?"

"இல்லன்னா ஒண்ணும் தெரியாத மாதிரி பேசிட்டு வந்துடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

பல்லக்கா அலமாரி முன்னால் போய் உட்கார்ந்தாள். கோபத்தோடுதான் ஒரு தட்டை எடுத்தாள். ஒரு படி ஏணி. வருஷக்கணக்காகத் துடைத்துத் துடைத்து வைத்த தட்டு. இதில் என்ன பழுது? வேலைக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு விளிம்பைச் சுற்றினாள். ஒன்றும் இல்லை. மறுபடி சுற்றினாள். ரோஜா இதழ் ஒன்றின் மடிப்பில், கடுகைவிடச் சின்னதாக ஒரு துளை.

"இந்தா இருக்கு!" என்று கத்தினாள். புதையல் எடுத்தவளின் குரல் அது.

நாத்தனாரும் கணவரும் ஓடிவந்தார்கள். அடுத்தது இரண்டு படி. மேசையில் வைத்து அழுத்தினால் ஒரு பக்கம் தடக்கென்றது. அடுத்தது மூன்று படி. அதில் நாத்தனார்தான் கண்டுபிடித்தாள், ஒரு பட்டாம்பூச்சிக்கு ஒற்றை மீசை. சாயங்காலம் முழுக்க மூன்று பேரும் தரையில் பீங்கான்களைப் பரப்பிக்கொண்டு, "எனக்கு, எனக்கு" என்று போட்டி போட்டுத் தப்புத் தேடினார்கள். இத்தனை நாள் அந்தச் சாமான்களைப் பார்க்கவே இல்லை, அடியை மட்டும்தான் பார்த்தோம் என்று பல்லக்காவுக்குத் தோன்றியது. நாத்தனார் சொன்ன காய்ச்சல் யோசனை யாருக்கும் ஞாபகம் இல்லை.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் எக்ஸ்சேஞ்ச் அம்மா, தற்காலிகமாகக் கட்டிய பல்லோடு, இரண்டு தோழிகள் சூழ உட்கார்ந்திருந்தார். சர்வேயர் அவளை வானளாவப் புகழ்ந்து அறிமுகப்படுத்தினார். பல்லக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு பேனரை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். பேனர்ல ஒரு சின்னத் தப்பு இருக்கு. ஓவியர் இல்ல, மேதை இல்ல, அவங்க மறைஞ்சும் வாழல. மத்தபடி ஏணிங்கறது சரி."

சர்வேயரின் முகம் சுருங்கியது. நடந்ததை அவள் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லச் சொல்ல, பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி முன்னால் வரைக்கும் உருண்டு வந்தது. 'உச்சம்' என்ற இடத்தில் சர்வேயரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு அவள் பீங்கான்களை மேசைகளில் பரப்பி, ஆளுக்கொரு பூதக்கண்ணாடி கொடுத்து, "ஒவ்வொண்ணுலயும் ஒரு தப்பு இருக்கு, கண்டுபிடிங்க பாப்போம்" என்றாள்.

மண்டபம் சந்தைக்கடை ஆகிவிட்டது. சர்வேயர் பையைத் திறந்து, எங்கே போனாலும் கூடக் கொண்டுபோகும் ரசமட்டத்தை எடுத்து இரண்டு படிக் கிண்ணங்களின் மேல் வைத்து, "இது கிழக்கால சாயுது, இது தெற்கால சாயுது" என்று பட்டா எழுதுகிற தோரணையில் அறிவித்துக்கொண்டே போனார்.

ஒரே ஒரு கோப்பை மட்டும் கை கையாகச் சுற்றித் திரும்பி வந்தது. மெல்லிய வெள்ளைக் கோப்பை, வெளியில் ஒரே ஒரு நாணல் தண்டு. அதன் ஏணிக்கு நாலு படி. அப்படி நாலு படி உள்ளது பல்லக்காவிடம் அது ஒன்றுதான். ஓட்டை இல்லை, கோணல் இல்லை, வர்ணம் இழுகவில்லை. முந்தின நாள் வீட்டிலும் யாருக்கும் அதில் எதுவும் அகப்படவில்லை.

"நாலாவது பழுது என்னம்மா?" என்று பல்லக்கா முன்வரிசையைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க மூணுதானே சொன்னீங்க?"

எக்ஸ்சேஞ்ச் அம்மா எழுந்து வந்து கோப்பையை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் தட்டி, காதில் வைத்து, அந்த ஓசை அடங்கும் வரைக்கும் கேட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"தொழிற்சாலையில நாலாவது பழுதுன்னு ஒண்ணு கெடையாது. எங்கம்மாவுக்கு ஏதாவது ரொம்பப் புடிச்சுப் போச்சுன்னா, அதுக்கு நாலு படி போட்டு வீட்டுக்குக் கொண்டாந்துடுவாங்க. மேஸ்திரி கேட்டா, 'அய்யா, இதுல எல்லாப் பழுதும் இருக்கு, வெளிய தெரிஞ்சா கம்பெனி மானமே போயிடும்'னு சொல்வாங்களாம். அவரும், 'சீக்கிரம் எடுத்துட்டுப் போம்மா'ன்னுடுவாராம். வீட்ல நாலு படிய நாங்க தொடவே கூடாது. குடியிருப்பக் காலி பண்ணும்போது அந்தப் பெட்டி எங்கயோ போச்சு. அம்மா மூணு நாள் சோறு திங்கல."

கைதட்டலும் சிரிப்பும் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பல்லக்கா அவர் பக்கத்தில் போய், "அப்போ இது உங்களோடதும்மா. வீட்டுக்குக் கொண்டு போங்க" என்றாள். அவள் அலமாரியின் நடு இடத்தில் இருந்த கோப்பை அது.

"எனக்கெதுக்கும்மா? என் வீட்ல சோப்புப் போட்டு வச்சிடுவேன்" என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா. "ஆனா சின்ன வயசுல இதுல ஒரு வாய் குடிக்கணும்னு அவ்வளவு ஆசை. அம்மா விடவே மாட்டாங்க."

நாத்தனார் உடனே பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினாள். பழம்பொருளில் சூடாக ஊற்றுகிறார்களே என்று சர்வேயர் கண்ணை மூடிக்கொண்டார். எக்ஸ்சேஞ்ச் அம்மா இரண்டு கையாலும் பிடித்து, நின்றபடியே கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். பிறகு நாத்தனாரிடம் மறுபடி ஊற்றச் சொல்லி, கோப்பையைப் பல்லக்காவிடம் நீட்டி, "நீ ஒரு வாய் குடி" என்றார். இத்தனை வருஷத்தில் பல்லக்கா அதில் குடித்ததே இல்லை. விளிம்பு உதட்டில் பட்டது தெரியாத அளவுக்கு மெல்லிசாக இருந்தது.

அதற்குப் பிறகு எக்ஸ்சேஞ்ச் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வர ஆரம்பித்தார். பல்லக்கா கோப்பையின் அடியைப் பார்ப்பாள். அந்த அம்மா தட்டிக் காதில் வைத்துக் கேட்பார். எதை வாங்குவது என்பதில் இரண்டு பேருக்கும் நடுத்தெருவில் வாக்குவாதம் வரும். கணவர் இரண்டு பேருக்கும் பொதுவாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்.

கூட்டத்தில் நடந்தது சந்தை முழுக்கப் பரவிவிட்டதால், கவிழ்ப்போர் சங்கத்தார் எல்லோரும் இப்போது ஏணி கேட்டு அலைகிறார்கள். போன வாரம், பூட்டும் சாவியும் விற்கிற கடைக்காரர் பல்லக்காவைக் கைதட்டிக் கூப்பிட்டார். "பல்லக்கா, உங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன், வேற யார் கண்ணுலயும் காட்டல" என்று காகிதம் சுற்றிய ஒரு தட்டை எடுத்து நீட்டினார். பல்லக்கா கவிழ்த்தாள். இப்போதும் எந்தப் பாத்திரக் கடையிலும் அடுக்கி வைத்திருக்கிற புதுத் தட்டு. அடியில் ஆணியால் பலமாகக் கீறிய ஒரு ஏணி. ஏழு படி.

"ஏழு பழுதாய்யா?" என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா.

"நெறைய இருந்தா உங்களுக்குப் புடிக்குமேன்னுதான்..." என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

பல்லக்கா பேரம் பேசாமல் அதை வாங்கிக்கொண்டாள்.